வரிக் கடைசியில் ஒரு ஸ்பானிஷ் சொல்

மார்ச் 5, 2025, புதன்

ஹூஸ்டனில் எங்கள் பகுதி நூலகத்தில் புதன்கிழமை காலைகளில் இருமொழிக் கதை நேரம் நடக்கிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள். நான் சம்பளமில்லாத உதவியாள்: பாய் விரிப்பேன், கைப்பொம்மைகளை எடுத்து வைப்பேன், நடுவில் ஒரு புத்தகம் வாசிப்பேன். நூலகர் கொலம்பியாக்காரர். என் ஸ்பானிஷ் கல்லூரியில் படித்தது கொஞ்சம், காய்கறிக் கடையில் பொறுக்கியது மீதி. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே ஸ்பானிஷ்தான். மற்றவர்களுக்கு ஆங்கிலம், வியட்நாமியம், உருது. என் மகளுக்குத் தமிழ்.

இன்று வாசித்தவற்றில் ஒன்று, கதை ஆங்கிலத்தில் ஓடி, வரிக் கடைசியில் மட்டும் ஸ்பானிஷ் சொல் வந்து விழும் வகை. முந்தைய ஆங்கில வரி ‘மோர்’ (more) என்று முடிந்தால் அடுத்தது ‘ஃப்ளோர்’, பூ. ‘டூனா’ என்று முடிந்தால் ‘லூனா’, நிலா. நம் செய்யுளில் இயைபு என்பார்களே, அதேதான்.

இன்னொன்று இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அதே கதை ஸ்பானிஷில். பெற்றோர் விரும்பி எடுப்பது இதைத்தான். ஒரே விலையில் இரண்டு மொழி. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஆங்கில ரைமை வைத்து எழுதியதை மொழிபெயர்த்தால் ரைம் ஆங்கிலத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கத்துக்குக் கூடவே தலையாட்டிய பிள்ளைகள், ஸ்பானிஷ் பக்கம் வந்ததும் காலணியைக் கழற்ற ஆரம்பித்தார்கள். எந்த மொழியைச் சொல்லித்தர நினைக்கிறோமோ அது வெறும் உரைநடையாகக் கிடக்கிறது.

மார்ச் 6

மகள் தூங்கியபின் தேடிப் படித்தேன். கிர்ஸ்டன் ரீட் என்ற உளவியல் ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு. சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பனை ராட்சதர்களின் புதுப்பெயர்களைக் கதையில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பெயர் ரைம் விழுகிற இடத்தில், முன்கூட்டியே ஊகிக்கிற மாதிரி வந்தபோது பிள்ளைகள் நன்றாக நினைவில் வைத்தார்கள். வாசிப்பவர் அந்தப் பெயருக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தியதும் உதவியிருக்கிறது.

இது எனக்குக் கேள்விப்படாத புதுமை இல்லை. பாட்டிமார் சோறூட்டும்போது பாட்டின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பிள்ளை முகத்தைப் பார்ப்பார்கள், அதுதான் இது. ஆனால் கதை நேரத்தில் நாங்கள் யாரும் நிறுத்துவதில்லை, கடகடவென்று ஓடிவிடுகிறோம். சின்னப் பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கத் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். இங்கிலாந்தில் ஜெசிக்கா ஹார்ஸ்ட்டும் உடனிருந்தவர்களும் 2011-ல் செய்தது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள், அதே புதுச்சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். வாரம் மூன்று புதுப் புத்தகம் வேண்டும் என்ற எங்கள் வழக்கத்துக்கு இது நேர் எதிர். நூலகரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

ரோடியோ (கௌபாய்த் திருவிழா) மாதம் என்பதால் பாதிப் பிள்ளைகள் கௌபாய் பூட்ஸோடு வந்தார்கள். பண்ணை விலங்குகள். காத்தோ, பாத்தோ, சபாத்தோ: பூனை, வாத்து, செருப்பு. இப்படிக் கொத்துக் கொத்தாக ஸ்பானிஷிலேயே கிடைக்கிறது. பூனை செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓட, வாத்து துரத்துவதாக நூலகர் அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டினார். போன வாரத்துப் புத்தகத்தையும் மறுபடி வாசித்தோம். ஒரு பிள்ளையும் குறை சொல்லவில்லை. ‘லூனா’வுக்கு முன்னால் நிறுத்தினேன். வியட்நாமியப் பையன் ஒருவன் எனக்கு முன்பே கத்திவிட்டான்.

உச்சரிப்பில் தமிழ்ப் பிள்ளைக்கு இலவசமாக நிறைய கிடைக்கிறது. ஸ்பானிஷ் ‘த்’ நம் ‘த்’தான், நாக்கு பல்லைத் தொடும். ஆங்கிலம் மட்டும் பேசுகிற பிள்ளைகள் ‘காட்டோ’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல் முதலில் ‘ப’, ‘க’ சொல்லும்போது கூடவே புஸ்ஸென்று வரும் காற்று ஸ்பானிஷில் இல்லை, நமக்கும் இல்லை. நாய்க்கு ‘பெர்ரோ’. அந்த ‘ர்ர’ உதற வேண்டும். என் அம்மா நாகர்கோவில். அந்தப் பக்கம் இன்னும் ‘ர’வையும் ‘ற’வையும் பிரித்துத்தான் சொல்வார்கள். வீடியோவில் அம்மாவை ‘பெறோ’ சொல்ல வைத்து நூலகருக்குக் காட்டினேன். கதை நேரத்துக்கு அவரையே வரச் சொல்லுங்கள் என்றார்.

சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பதுதான் வம்பு. பூனையின் ‘கா’ கணபதியில் வரும் ‘க’. சட்டையைக் குறிக்கும் ‘கமீசா’வின் ‘க’ கடலில் வரும் ‘க’. மகள் வருங்காலத்தில் என் நோட்டைப் பார்த்து எதை எப்படி வாசிப்பாளோ.

மார்ச் 26, புதன்

இன்று பட்டம் பற்றிய புத்தகம். அதில் பட்டத்துக்கு ‘கொமேத்தா’, சைக்கிளுக்கு ‘பிசிக்ளேத்தா’, அழகாக ஒட்டுகிறது. பேரனோடு வருகிற பாட்டி ஒருவர், மெக்சிகோ வழி வந்தவர், வாசிக்கும்போதே தலையை ஆட்டி, “பாபலோத்தே” என்றார். பின்னாலிருந்த குவாத்தமாலா அம்மா “பர்ரிலேத்தே” என்றார். சிலியில் ‘வொலந்தீன்’, புவேர்ட்டோ ரிக்கோவில் ‘சிரிங்கா’ என்று நூலகர் சிரித்துக்கொண்டே அடுக்கினார். எல்லாம் ஒரே காகிதப் பட்டம்தான்.

ரைம் புத்தகத்துக்கு இது பெரிய சிக்கல். சாதாரணப் புத்தகம் என்றால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம். இங்கே சொல்லை மாற்றினால் அதன் ஜோடியும் போய்விடும், அப்புறம் கதையே மாறும். பாட்டியின் ‘பாபலோத்தே’வுக்குச் சைக்கிள் பொருந்தாது, ‘எலோத்தே’, அதாவது சோளக்கதிர்தான் பொருந்தும். சரி, சோளக்கதிர் கடித்துக்கொண்டே பட்டம் விடுவதாக வரியை மாற்றினோம். படத்தில் சைக்கிள்தான் இருந்தது. ஒரு பெண் குழந்தை விடாமல் சைக்கிளைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

புவேர்ட்டோ ரிக்கோவில் ‘குவாகுவா’ என்றால் பஸ். சிலியில் கைக்குழந்தை. இந்தச் சொல்லை மட்டும் எந்த வரியின் கடைசியிலும் நான் வைக்கமாட்டேன்.

ஏப்ரல் 3

மாமியார் போனில் கேட்டார்: “புள்ளைக்குத் தமிழே இன்னும் முழுசா வரலை, அதுக்குள்ள இது எதுக்கும்மா?” நியாயமான கேள்வி. டெக்சாஸில் பத்துக்கு நான்கு பேர் ஹிஸ்பானிக், கடையில், பள்ளியில், பூங்காவில் காதில் விழுவது இந்த மொழிதான் என்றேன். “அப்ப தானா வந்துடுமே” என்றார். அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காதில் விழுந்தால் மட்டும் வராது அத்தை, வாயைத் திறக்க ஒரு சாக்கு வேண்டும். ரைம் அந்தச் சாக்கு. தமிழுக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன். நிலாவைக் கூப்பிடும் பாட்டுக்குப் பிறகுதான் அவளுக்கு ‘நிலா’ வந்தது.

சாயங்காலம் பனதேரியாவுக்கு, அதாவது ரொட்டிக் கடைக்கு, போனோம். சிப்பி மாதிரிக் கோடு போட்ட இனிப்பு பன்னைக் காட்டி மகள் தானாகவே “கொஞ்சா” என்றாள். கவுண்டர் பெண்மணி “மிஹா!”, என் மகளே, என்று கூப்பிட்டு இன்னொன்றைப் பையில் போட்டார்.

ஏப்ரல் 16, புதன்

பாட்டி இன்று கதை நேரம் முடிந்தும் உட்கார்ந்திருந்தார். அவர் படித்தது தெற்கு டெக்சாஸ் எல்லைப்புறப் பள்ளி ஒன்றில். மைதானத்தில் ஸ்பானிஷ் பேசினால் அடி. சட்டமே அப்படி இருந்த ஊர் இது: 1918-ல் போட்ட சட்டப்படி பொதுப் பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் கற்பிப்பது குற்றம். அது தளர்ந்தது 1969-ல். மார்ஃபா ஊரின் பிளாக்வெல் பள்ளியில் 1954-ல் பிள்ளைகளைத் துண்டுச் சீட்டில் ஸ்பானிஷ் சொற்களை எழுத வைத்து, ‘ஸ்பானிஷ் ஐயா’வுக்குச் சவ அடக்கம் என்று குழிதோண்டிப் புதைக்க வைத்தார்கள். அந்தப் பள்ளி இப்போது தேசிய வரலாற்றுத் தலம்.

தன் பிள்ளைகளோடு வீட்டில் ஆங்கிலமே பேசியதாகப் பாட்டி சொன்னார். அடி வாங்கியவர் வேறென்ன செய்வார். பேரனுக்குத்தான் இப்போது நூலகத்தில் தேடுகிறார். அந்தப் பையனுக்கும் என் மகளுக்கும் ஒரே பாடம், ஒரே புத்தகம் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு நடப்பது வேறு ஏதோ.

ஏப்ரல் 23, புதன்

ஒரு குறை. இந்தப் புத்தகங்கள் பெயர்ச்சொல்லாகவே தருகின்றன. பூ, நிலா, ரொட்டி, செருப்பு. படம் போட வசதி, வரிக் கடைசியில் வைக்கவும் வசதி. ஆனால் ‘எல்’, ‘லா’ என்று முன்னால் வர வேண்டிய ஆண்பால் பெண்பால் ஒட்டைப் பல நேரம் இடமில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். பிறகு தனியாகக் கற்பது இரட்டை வேலை. ‘ஓ’வில் முடிந்தால் ஆண்பால் என்றும் நம்ப முடியாது, கைக்கு ‘லா மானோ’. நான் வாசிக்கும்போது சந்தம் உடைந்தாலும் பரவாயில்லை என்று ‘லா’வைச் சேர்த்தே வாசிக்கிறேன். நூலகருக்கு இதில் உடன்பாடில்லை. சந்தம் போனால் எல்லாம் போச்சு என்கிறார்.

ஏப்ரல் 30, புதன்

இன்று ‘தியா’, ஸ்பானிஷில் ‘நாள்’. மெக்சிகோவில் ஏப்ரல் 30 குழந்தைகள் தினம். எல் பாசோவில் பிறந்த கவிஞர் பாட் மோரா 1996-ல் அதோடு புத்தகத்தையும் சேர்த்து ஒரு நாளாகக் கொண்டாடலாம் என்று கிளப்பியது, மறு ஆண்டு முதல் நடக்கிறது. நூலகச் சுவரில் பூரா பெல்ப்ரேயின் படத்தை ஒட்டினோம். நியூயார்க் பொது நூலகம் 1921-ல் வேலைக்கு எடுத்த புவேர்ட்டோ ரிக்கோ பெண். ஹார்லெமில் ஸ்பானிஷ் கதை நேரம் நடத்தியவர், பொம்மைகளும் வைத்துக்கொண்டார். கைப்பொம்மை எடுத்து வைக்கிற என் உத்தியோகத்துக்கு மூலவர் அவர்தான்.

கூட்டம் தாங்கவில்லை. பாட்டியை நடுவில் உட்கார வைத்தோம். காயம்பட்ட பிள்ளைக்குத் தடவிக்கொண்டே சொல்லும் ‘சானா, சானா’ மந்திரத்தைச் சொன்னார். தவளை வாலைக் கூப்பிட்டு இன்று ஆறாவிட்டால் நாளை ஆறும் என்று முடியும். புத்தகமே வேண்டியிருக்கவில்லை. உடனே எல்லாப் பிள்ளைக்கும் முழங்காலில் வலி வந்துவிட்டது, வரிசையில் நின்றார்கள்.

கோடைக்கு நூலகர் வினைச்சொல்லை எடுக்கலாம் என்கிறார். சால்தா, காந்தா, பைலா: குதி, பாடு, ஆடு. எல்லாம் ‘ஆ’வில் முடிவதால் கோத்துப் பாடுவது சுலபம். ஆனால் பாயில் உட்கார்ந்து முடியாது. ஜூனுக்குள் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ண வேண்டும், கீழ்த்தளத்துக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.