பிரேக் மிதித்த இடம்

பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பழகுபவர்களுக்கு ஓட்ட விவரங்களைப் பதிவுசெய்யும் லாகர் கருவியைப் பொருத்தித் தருவதும், ஓட்டம் முடிந்தபின் சென்சார் பதிவுகளைப் படித்து விளக்குவதும் என் வேலை. காரின் கோளாறுகளைக் கண்டறிய உதவும் ஓபிடி இணைப்பிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தேன். அந்த வழியில் நாம் ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் கார் பதில் தரும். இன்ஜின் சுழற்சிக்கும் கூலன்ட் வெப்பநிலைக்கும் அது போதும் என்றாலும், வேகம் முழுக் கிலோமீட்டராக மட்டுமே வரும்.

பிரேக் அழுத்தம், ஸ்டீயரிங் கோணம், நான்கு சக்கரங்களின் தனித்தனி வேகம் ஆகியவை காரின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இம்முறையில் முறுக்கிய இரண்டு கம்பிகளே பாதை. இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருப்பதால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அவற்றுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையின் மின்தடை இணைப்பில் இல்லை என்று பொருள். லாகரை நான் கேட்கும் நிலையில் மட்டுமே வைப்பேன். பிரேக் கணினி பேசும் கம்பியில் நம் கருவி ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

எந்தச் செய்தியில் எது இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். நிற்கும் காரில் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பி, எட்டு பைட்டுகளில் எவை அசைகின்றன என்று பார்ப்பேன். ஒருமுறை நடுவிலிருந்து ஒரு பக்கம் திருப்பியபோது ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிய எண், மறுபக்கம் திருப்பியதும் 65,535க்குத் தாவியது. சென்சாரில் கோளாறு எதுவும் இல்லை. 16 பிட்டில் 65,535க்கும் −1க்கும் ஒரே வடிவம்தான். அதை மிகை எண்ணாக மட்டுமே நான் படித்திருந்தேன், அது உண்மையில் −1.

அந்தப் பிழை கண்ணில் பட்டுவிட்டது. ஓர் ஓட்டுநரின் பதிவில் நான் செய்த பிழை அப்படிப் படவில்லை. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், வளைவுக்கு 100 மீட்டர் இருப்பதைக் காட்டும் பலகைக்குப் பத்து மீட்டர் முன்பே அவர் பிரேக்கை மிதிப்பதாக வரைபடம் காட்டியது. இன்னும் சற்றுத் தள்ளி மிதிக்கலாம் என்று சொன்னேன். “இல்லை சார், பலகைக்கு நேராகத்தான் மிதிக்கிறேன்” என்றார் அவர், உறுதியாக. மூன்று சுற்றுகளைக் காட்டியும் அவர் ஏற்கவில்லை.

அன்றிரவு ஜிபிஎஸ் வேகத்தையும், இன்ஜின் சுழற்றாத சக்கரங்களின் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். (வேகமெடுக்கும்போது இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் சறுக்கக்கூடும், பலமான பிரேக்கில் எல்லாச் சக்கரங்களுமே சறுக்கும் என்பதால் அப்பகுதிகளை விட்டுவிட்டேன்.) இரண்டு கோடுகளும் ஒரே வடிவில் இருந்தன, ஆனால் ஜிபிஎஸ் கோடு 0.2 விநாடி பின்தங்கி வந்தது. மணிக்கு 180 கி.மீ. என்பது விநாடிக்கு 50 மீட்டர்; அந்தத் தாமதத்தில் கார் பத்து மீட்டர் கடந்துவிடுகிறது. பிரேக் அழுத்தம் உடனுக்குடன் பதிவாக, இடம் மட்டும் பழையதாக இருந்ததால், அவர் முன்கூட்டியே மிதித்ததுபோல் தோன்றியிருக்கிறது. என் சொல்லைக் கேட்டிருந்தால் அவர் வளைவுக்குள் மிகை வேகத்தோடு நுழைந்திருப்பார்.

ஜிபிஎஸ் கோட்டை 0.2 விநாடி முன்னே நகர்த்தியதும் பிரேக் புள்ளி பலகைக்கு நேராக வந்து நின்றது. மறுநாள் காலை முதல் ஓட்டத்துக்கு முன் அவரிடம் அதைக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன்.