சைடு டிஷ் இல்லாத ஊர்

ஏப்ரல் 19, மியூனிக்

விடுதிச் சமையலறையில் ஒருவனுக்குப் பிறந்தநாள். ஒரு பெட்டி பியர் வந்து இறங்கியது, 20 பாட்டில். தொட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லை. மிக்சர் இல்லை, ஆம்லெட் இல்லை, ஊறுகாய்கூட இல்லை!

நான் குடிக்காதவன். மதுரையில் நண்பர்கள் கூடினால் எனக்கு இரண்டு வேலை: சைடு டிஷ்ஷைக் காலி செய்வது, கடைசியில் எல்லோரையும் வண்டியில் வீடு சேர்ப்பது. இங்கே இரண்டும் போச்சு. வந்தவர்கள் டிராம் பிடித்துப் போய்விட்டார்கள்.

'ஒரே ஒரு ரவுண்டு, ஒண்ணும் ஆகாதுடா' என்று கெஞ்சுவார்கள் என நினைத்து நாலைந்து சாக்கு தயாராக வைத்திருந்தேன். வேண்டாம் என்றேன். "சரி" என்று ஆப்பிள்ஷோர்ல (ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்தது) ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் ஏமாற்றம்தான். திட்டு வாங்கியது வேறு விஷயத்துக்கு. "ப்ரோஸ்ட்" சொல்லி கிளாசை இடிக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டுமாம். நான் சிந்திவிடக்கூடாதே என்று கிளாசையே பார்த்தேன்.

ஏப்ரல் 26

காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்க என்னையும் கூட்டிப்போனான் பிறந்தநாள்காரன். வாங்கும்போது கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும்: பாட்டிலுக்கு 8 சென்ட், பெட்டிக்கு 1.50 யூரோ. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். கலகலவென்று ஒரே சத்தம். தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று என் கண் தெருவைத் துழாவியது. இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் மொத்தமே ஆறு பேர், அதில் ஒருவன் பெட்டியின் மறுபக்கத்தில்.

கடையில் மீசை அரும்பாத ஒரு பையன் பியர் வாங்கினான். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். பியருக்கும் வைனுக்கும் 16 வயது போதும், மற்றதற்கு 18. நம்மூரில் 21. ஆனால் நம்மூரில் நாற்பது வயதுக்காரரும் அதைக் கறுப்புக் கவரில் போட்டு, இடுப்பில் செருகித்தான் கொண்டுபோவார்.

மே 11

பியர் தோட்டத்துக்குப் போனோம். கஷ்கொட்டை மர நிழல், நீள பெஞ்சுகள். வீட்டுச் சாப்பாட்டையே கொண்டுபோகலாம் என்றதும் நம்பவில்லை. 1812-இல் பவேரிய மன்னர் மாக்சிமிலியன் யோசெப் போட்ட உத்தரவாம்: பியர் தயாரிப்பவர்கள் தங்கள் பியர் நிலவறையை ஒட்டிய தோட்டத்தில் பியர் விற்கலாம், ரொட்டி தவிர உணவு விற்கக்கூடாது. ஜனங்கள் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு தடை போனது, பழக்கம் நிலைத்துவிட்டது.

எலுமிச்சை சாதமும், அம்மா கொடுத்தனுப்பிய மிக்சரும் எடுத்துப்போனேன். ஒரு லிட்டர் குவளையை ஒரு மணி நேரமாக உறிஞ்சுகிறவர்கள் மிக்சரைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஓமப்பொடியை எண்ணி எண்ணித் தின்றான் ஒருவன். பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

அப்போது பார்த்து அம்மா வீடியோ காலில் வந்தாள். குவளையைச் சட்டென்று மேசைக்கு அடியில் வைத்தேன். அதுதான் தப்பு.

"என்னடா ஒளிக்கிற?"

எடுத்துக் காட்டினேன்.

"ஆப்பிள் ஜூஸ்ம்மா."

"ஜூஸுக்கு எதுக்குடா நுரை?"