காஸியேலின் ‘நாங்கள்’

சப்டைட்டில் வேலையில் என்னை அதிக நாள் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு வார்த்தை: நாங்கள்.

ஒரு சின்னத் திரையிடலுக்காக ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் ‘ஃபாரவே, சோ க்ளோஸ்!’ படத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். 1987இல் வந்த ‘விங்ஸ் ஆஃப் டிசையர்’ படத்தின் தொடர்ச்சி, 1993இல் வந்தது. முதல் படத்தில் டாமியேல் காதலுக்காக மனிதனாகிவிட, நண்பன் காஸியேல் தேவதூதனாகவே தங்கிவிடுவான். இது அவன் கதை. இடையில் பெர்லின் சுவர் விழுந்துவிட்டது. டாமியேல் பீட்சா கடை வைத்து, மனைவி மகளோடு இருக்கிறான். காஸியேல் மட்டும் இன்னும் கறுப்பு வெள்ளையில், யாருக்கும் தெரியாமல், கோர்பச்சேவின் பக்கத்தில்கூட நின்று அவர் மனதில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். (கோர்பச்சேவாக வருபவர் கோர்பச்சேவேதான்.)

‘தேவதை’ என்று எழுதினால் நம் ஆட்களுக்கு வெள்ளைப் புடவைப் பெண் ஞாபகம் வரும். திரையில் காஸியேலாக இருப்பவரோ நீளக் கோட்டு போட்ட நடிகர் ஓட்டோ சாண்டர். ‘வானதூதர்’ கத்தோலிக்கர் வழக்கு. கடைசியில் ‘தேவதூதன்’ என்றே வைத்தேன். அது சுலபமாக முடிந்தது.

தேவதூதர்கள் மனிதர்களைப் பார்த்துப் பேசும் இடங்களில் எல்லாம் ‘நாம்’ என்று போட்டிருந்தேன். ஜெர்மனில் நாமுக்கும் நாங்களுக்கும் ‘வீர்’ ஒன்றுதான். சரிபார்த்த அக்கா போன் பண்ணினார். “தம்பி, அவங்க நம்மள்ல ஒருத்தரா? அப்படின்னா அந்தப் படமே தேவையில்லையே?”

அன்று ராத்திரி முதல் காட்சியிலிருந்து திரும்பப் பார்த்தேன். அவர்களுடைய ஏக்கம் முழுவதும் அந்த ‘ங்கள்’ளில் இருந்தது. மனிதர்களிடம் ‘நாங்கள்’. தங்களுக்குள் பேசும்போது, காஸியேலும் இன்னொரு தேவதூதரான ரஃபயேலாவும், ‘நாம்’.

அப்புறம் அந்த பால்கனி. சிறுமி விழுகிறாள். பார்த்துக்கொண்டு நிற்பதற்கு மட்டுமே அனுமதி உள்ளவன் ஓடிப் போய்க் கையில் ஏந்திவிடுகிறான். சட்டென்று உலகத்துக்கு நிறம் வருகிறது; அவன் மனிதனாகிவிட்டான். அந்த இடத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேனோ தெரியாது. அதில் எழுத எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ரஃபயேலாவும் அவனும் ஒரே ‘நாம்’ இல்லை. அவன் கேட்டது கிடைத்த அதே நொடியில் அவள் தனியாகிவிட்டாள்.

இரண்டாம் பாதியில் கடத்தல்காரர்கள் வந்து கதை நீள்வது பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் குடித்து, பிச்சை எடுத்து, தப்பான ஆளிடம் வேலைக்குச் சேர்ந்து காஸியேல் தடுமாறுவதைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மனிதனாக இருப்பது அவனுக்கு டாமியேல் அளவுக்குக் கைகூடவில்லை. அதே சிறுமியை மறுபடி காப்பாற்றும்போது உயிரை விடுகிறான்.

முடிவில் தேவதூதர்களின் குரல் மறுபடி நம்மை நோக்கிப் பேசுகிறது. ஒருமுறை நிறம் பார்த்துவிட்டுத் தேவதூதர்களிடம் திரும்பியவன் எதைச் சொல்வான்? வெகுநேரம் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. ‘நாங்கள்’ என்றே போட்டு அனுப்பினேன்.