ஹார்டுவேர் செய்முறைத் தேர்வில் ஹீட்சிங்கும் பேஸ்ட்டும்

கம்ப்யூட்டர் ஹார்டுவேர் ட்ரேடு படிக்கும் தம்பி தங்கைகள் செய்முறைத் தேர்வு நெருங்கும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் நெட்வொர்க் கேபிளின் கலர் வரிசையும் விண்டோஸ் இன்ஸ்டாலேஷனும்தான். இரண்டும் நாலு தடவை செய்தால் கைக்கு வந்துவிடும். ப்ராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகட்டு அமைப்பான ஹீட்சிங்கைக் கழற்றி மாட்டும் வேலை அப்படியல்ல. செய்ய எளிது, ஆனால் எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) பக்கத்தில் வந்து நின்று "ஏன்?" என்று கேட்கும் இடம் அதுதான். நான் தண்டையார்பேட்டையில் படித்தவன், இப்போது ராயபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் தினமும் இதே வேலையைச் செய்கிறேன். அதனால் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

என் செய்முறைத் தேர்வில் எனக்குக் கொடுத்த வேலை, பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ப்ராசஸரைக் கழற்றிக் காட்டி, திரும்ப மாட்டி, பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) வெப்பநிலையைக் காட்டுவது. ஹீட்சிங்கைத் தூக்கியபோது அடியில், ப்ராசஸருக்கும் அதற்கும் நடுவே சூட்டைக் கடத்தப் போடும் பேஸ்ட் இன்னும் காயாமல் கொழகொழவென்று இருந்தது. எக்ஸ்டெர்னல் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஈரமாத்தானே இருக்கு தம்பி, அப்படியே வச்சு மாட்டினா என்ன?"

"நடுவுல காத்து சிக்கிக்கும் சார்."

"சிக்கினா?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்திருப்பதுதான் முக்கியம். ப்ராசஸரின் உலோக மூடியும் ஹீட்சிங்கின் அடிப்பக்கமும் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். உண்மையில் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. சேர்த்து அழுத்தினால் மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 400 வாட், அலுமினியம் 200-க்கு மேல். காற்று வெறும் 0.026. கடையில் கிடைக்கும் பேஸ்ட்கள் பெரும்பாலும் 1-லிருந்து 10 வரைக்குள் வரும். அதாவது உலோகத்தோடு ஒப்பிட்டால் பேஸ்ட் மிக மோசமான கடத்தி, காற்றோடு ஒப்பிட்டால் பல மடங்கு நல்லது. சுவருக்குப் பட்டி பார்ப்பது போலத்தான் இது: பள்ளம் நிரம்பினால் போதும், அதற்கு மேல் அப்பினால் கெடுதல். இந்த எண்களைப் புரிந்து வைத்துக்கொண்டால் பேஸ்ட் பற்றிய எந்த வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்விக்கும் நீங்களே பதில் கண்டுபிடித்துவிடலாம்.

ஹீட்சிங்கை ஒருமுறை தூக்கிவிட்டால் பேஸ்ட் பாதி இங்கும் பாதி அங்குமாகப் பிய்ந்து வரிவரியாக நிற்கும். அப்படியே திரும்ப வைத்தால் அந்த வரிகளுக்கு நடுவே காற்று அடைபடும். எனவே ஈரமோ காய்ந்ததோ, தூக்கினால் துடைக்க வேண்டும், புதிதாகப் போட வேண்டும். ஹீட்சிங்க் லேசாக நகர்ந்து கீழே உள்ள பிடி விட்டிருந்தாலும் இதேதான்.

கழற்றுவதில் அவசரம் கூடாது. பவரை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். மணிக்கட்டில் ஆன்டி-ஸ்டேடிக் பட்டை கட்டுவதையும் பார்ப்பார்கள். அப்புறம் ஃபேன் வயர், அதற்குப் பிறகுதான் ஹீட்சிங்க். ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டு வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், நேராக இழுக்கும்போது லாக் போட்டிருந்தாலும் ப்ராசஸரும் சேர்ந்து வெளியே வந்துவிடும், பின்கள் வளையும். கழற்றுவதற்கு முன் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டால் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டதும் தூக்குங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ வகையில் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். அங்கே ப்ராசஸரைக் கழற்றிய பிறகு திறந்து கிடக்கும் சாக்கெட்டில் விரலோ துணியோ படவே கூடாது.

துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் புரியும். 90 சதவீதத்துக்கு மேல் செறிவு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சும் பனியன் வேஸ்ட்டும் இழை விடும், அந்த இழை நடுவில் மாட்டினால் மறுபடி இடைவெளிதான். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி நல்லது. இரண்டு பக்கமும் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டும்.

அளவு பற்றி ஆளுக்கொரு பேச்சு உண்டு. சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டாணி அளவு போதும் என்பது என் முடிவு. கூட்டல் குறி போட்டாலும் சரிதான். கார்டு வைத்துத் தடவிப் பரப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பரப்பும்போதே காற்றுக் குமிழி சேர வாய்ப்பு அதிகம். அழுத்தம்தான் பேஸ்ட்டைப் பரப்ப வேண்டும். இதைக் கையால் உணர ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது: டெட் போர்டு (பழுதாகி வேலை செய்யாத போர்டு) ஒன்றில் ப்ராசஸர் மேல் பேஸ்ட் வைத்து, தெளிவான கண்ணாடித் துண்டால் நேராக அழுத்திப் பாருங்கள், எவ்வளவு வைத்தால் எதுவரை பரவுகிறது என்று கண்முன்னே தெரியும். டெட் போர்டுக்கும் பேஸ்ட்டுக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள். நம் பக்கத்திலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

புஷ் பின் வகை ஹீட்சிங்கை மாட்டும்போது நாலு மூலைகளையும் வரிசையாக அழுத்தாதீர்கள். ஒரு மூலை, அப்புறம் அதற்குக் குறுக்கே எதிர்மூலை என்று போக வேண்டும். ஒவ்வொன்றும் 'கிளிக்' என்று உட்கார வேண்டும். போர்டுக்குப் பின்பக்கம் பார்த்தால் நாலு பின்களும் ஒரே அளவு வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்று சரியாக உட்காராவிட்டால் எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டும் பயனில்லை. ஸ்க்ரூ வகையானாலும் குறுக்காகத்தான், கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருக மறக்காதீர்கள்.

பயாஸில் காட்டும் டிகிரியை அறை வெப்பத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 45 காட்டும் மெஷின், கத்திரி வெயிலில் 36 டிகிரி லேபில் 57 அளவில் காட்டினால் அது பழுதல்ல. ஆன் செய்ததும் விறுவிறுவென்று 90-ஐத் தொட்டால்தான் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை என்று பொருள், உடனே அணையுங்கள். பேஸ்ட்டைக் குறை சொல்லும் முன் ஹீட்சிங்கின் தகடுகளையும் பாருங்கள். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரக் கடைகளிலிருந்து எங்களிடம் வரும் சிபியுக்களில் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்திருக்கும். அதில் புதுப் பேஸ்ட் போட்டு என்ன பிரயோஜனம்?

வைவாவில் அடிக்கடி வரும் இன்னும் இரண்டு. புது ஹீட்சிங்கின் அடியில் கம்பெனியே பேஸ்ட் தடவி அனுப்பியிருந்தால், அதன் மேல் நீங்கள் வேறு போடக் கூடாது. லிக்விட் மெட்டல் பற்றிக் கேட்டால், அது காலியம் கலந்தது, மின்சாரத்தைக் கடத்தும், போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும், அலுமினியத்தை அரிக்கும் என்று சொல்லுங்கள். அலுமினிய அடி கொண்ட ஹீட்சிங்குக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.