வரைபடத்தில் என் கடை இல்லை

அறிவிப்பைப் பார்த்ததே தற்செயல்தான். வேறு வேலையாக நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பலகையில் எங்கள் தெருவின் பெயர். பக்கத்தில் மறுமேம்பாட்டுக்கான வரைவு வரைபடம். எங்கள் கடை வரிசை முழுவதும் ஒரே இளஞ்சிவப்புக் கட்டமாக இருந்தது. ஆட்சேபணை தெரிவிக்க இன்னும் 19 நாள்.

நான் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன், வாடகைக்கு. இடித்தால் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. கட்டிங் மெஷினைக் கழற்றிப் பூட்டும் செலவும், கடை தேடி வந்து பழகிய ஆட்களும் யார் கணக்கிலும் இல்லை.

முதல் வாரத்தை வீணடித்தோம். 31 பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அது ஒரே ஒரு ஆட்சேபணையாகப் பதிவானது. அப்புறம்தான் ஆளுக்கொரு மனுவாக, அவரவர் கடையைப் பற்றி எழுத ஆரம்பித்தோம்.

திட்டத்தோடு இணைத்திருந்த கணக்கெடுப்பை வாங்கிப் படித்தபோதுதான் வயிறு கலங்கியது. எங்கள் வரிசையில் 9 கடைகள் 'பயன்பாட்டில் இல்லை'. கணக்கெடுக்க வந்தவர் வார விடுமுறை நாளில் வந்து, இறங்கியிருந்த ஷட்டரைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என் கடையும் அதில் ஒன்று. கடை நடக்கிறது என்று காட்ட வாடகை ரசீது, மின்கட்டண ரசீது, தொழில் உரிமம் எல்லாம் தேடினோம். வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருந்த ஒரு தையல்காரரிடம் எதுவுமே இல்லை. நூலும் பொத்தானும் அனுப்பும் மொத்த வியாபாரியின் பில்களில் கடை விலாசம் இருந்தது. பல வருஷத்துப் பில்களைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார், புண்ணியவான். அதையே நகலெடுத்து இணைத்தோம்.

என்ன கேட்பது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. திட்டமே வேண்டாம் என்று பாதிப் பேர். அவர்கள் சொன்னதும் சும்மா இல்லை: சியாட்டிலில் பைக் பிளேஸ் சந்தையை இடிக்கும் திட்டத்தை 1971-ல் மக்கள் வாக்கெடுப்பிலேயே தடுத்திருக்கிறார்கள். லண்டனில் செவன் சிஸ்டர்ஸ் சந்தைக் கடைக்காரர்கள் பல வருஷம் விடாமல் போராடி, 2021-ல் கட்டுமான நிறுவனமே விலகிக்கொண்டது. ஆனால் அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க எங்களிடம் பணமும் இல்லை, ஒற்றுமையும் இல்லை. எங்கள் கட்டடம் மழைக்கு ஒழுகுகிறது என்பதும் உண்மை. அதனால் நானும் சிலரும் நிபந்தனை கேட்டோம்: வரிசையை இரண்டு கட்டமாக இடியுங்கள், வேலை முடியும்வரை அதே தெருவில் தற்காலிக இடம் கொடுங்கள், திரும்பிவரும் உரிமையை எழுத்தில் கொடுங்கள், எங்களுக்குத் தரைத்தளத்திலேயே சின்னக் கடைகள் வேண்டும். கட்டிங் மெஷினை மாடியில் வைக்க முடியாது. எடையைப் போட்டு, படத்தோடு கொடுத்தேன்.

சான் பிரான்சிஸ்கோ விஷயம் ஒன்றும் மனுவில் சேர்த்தோம். 2015-ல் வாக்காளர்கள் ஏற்ற ஏற்பாடு: 30 வருஷத்துக்கு மேல் நடக்கும் கடைகளுக்குப் பதிவேடு, அவற்றுக்குக் குறைந்தது 10 வருஷக் குத்தகை தரும் கட்டட உரிமையாளருக்கும் மானியம். அதிகாரிகள் அதைப் படித்தார்களோ இல்லையோ, அதுவரை எங்களோடு பேசாமலிருந்த எங்கள் உரிமையாளர் படித்தார். ஆட்சேபணை சொன்னவர்களை நேரில் கேட்கும் விசாரணைக்கு அவரும் வந்தார்.

விசாரணையில் ஆளுக்கு 3 நிமிடம். நான் தயாரித்துக்கொண்டு போன பேச்சில் பாதிகூடச் சொல்லவில்லை. திட்டம் வேண்டாம் என்றவர்களுக்கு 'பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி பதில் வந்தது. நிபந்தனை கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது சிலவற்றை அதிகாரிகளால் மறுக்க முடியவில்லை.

இறுதித் திட்டத்தில் 9 கடைகளும் 'இயங்குபவை' ஆகிவிட்டன. இரண்டு கட்ட இடிப்பு வந்தது. தற்காலிக இடம் வந்தது, அதே தெருவில் இல்லை. திரும்பிவரும் உரிமையும் இருக்கிறது, 'நியாயமான வாடகையில்' என்ற இரண்டு சொற்களோடு. எது நியாயம் என்று எண்ணாக எழுதச் சொல்லி மறுபடி மனு கொடுத்திருக்கிறேன்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. விசாரணைக்கு முந்தைய மாதமே காலி செய்துவிட்டார். சாவியைத் தொலைத்தவர்கள் இன்னும் வந்து என்னிடம் கேட்கிறார்கள். அவருடைய புது விலாசத்தை அட்டையில் எழுதி என் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.