அலாஸ்கா காட்டுக் கேபின்ல ரெண்டு ராத்திரி, முழுக்க முழுக்க விறகுக் கதை

போன மார்ச்ல நானும் வீட்டுக்காரியும் அவ தம்பியும், நாங்க இருக்குற ஃபேர்பேங்க்ஸ் ஊருக்கு வடக்க ஒயிட் மவுண்டன்ஸ்ங்கற மலைப் பகுதில ஒரு கேபின்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்தோம். ஃபோட்டோ பாத்துட்டு எப்படி புக் பண்ணீங்க, குளிர் தாங்குமா, எங்களுக்கும் சொல்லுங்கன்னு ஆளாளுக்கு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி எனக்கு தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இது ரிசார்ட் இல்ல. கரண்ட் கெடையாது, தண்ணி கெடையாது, ஃபோன் சிக்னல் கெடையாது, வாட்ச்மேன் கெடையாது. மரத்துல கட்டுன ஒரு ரூம், ஒரு விறகு அடுப்பு, படுக்க பலகை, ஒரு மேசை, வெளிய தள்ளி ஒரு கக்கூஸ், அவ்ளோதான். 1980-ல அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட அலாஸ்கா நிலச் சட்டத்துல இந்த இடத்த பொழுதுபோக்குப் பகுதின்னு ஒதுக்குனாங்க, சுமார் 10 லட்சம் ஏக்கர், பாத்துக்கறது மத்திய அரசோட நிலத்துறை, இங்க எல்லாரும் பிஎல்எம்னுதான் சொல்லுவாங்க. அவ்ளோ பெரிய காட்டுக்குள்ள ஒரு டஜன் கேபின் அங்கங்க சிதறிக் கெடக்கு. யாரு வேணா காசு கட்டித் தங்கலாம். நாங்க போனப்போ ராத்திரிக்கு 25 டாலர், ஆளுக்கு இல்ல, கேபினுக்கு.

புக்கிங் ரிக்ரியேஷன் டாட் கவ் சைட்லதான். 30 நாளைக்கு முன்னாடி தேதி ஓபன் ஆகும், அதுக்கு முன்னாடி தலைகீழா நின்னாலும் நடக்காது. ஒரே கேபின்ல தொடர்ந்து மூணு ராத்திரிக்கு மேல விட மாட்டாங்க. ரோட்டுக்குக் கிட்ட இருக்குற கேபினுக்கு மார்ச் மாச சனி ஞாயிறுல அடிதடி, தட்கால் டிக்கெட் மாதிரி கைய மவுஸ் மேலயே வச்சிட்டு உக்காரணும். ரெண்டு வாரம் கோட்டை விட்டுட்டு, சரி போ லீவு போட்டாப் போச்சுன்னு செவ்வாய், புதனுக்கு எடுத்தோம், ஈஸியா கெடச்சுது. லீஸ் கேபின்னு பேரு. எலியட் ஹைவேல 28-வது மைல்ல விக்கர்ஷாம் டோம்னு ஒரு பார்க்கிங், அங்கேர்ந்து 7 மைல் உள்ள. அதாவது 11 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. மொத தடவ போறவங்க இதத் தாண்டி யோசிக்காதீங்க. 20 மைல் உள்ள பீவர் க்ரீக் கரைல ஒரு அருமையான கேபின் இருக்குன்னு ஆசை காட்டுவாங்க, அதெல்லாம் ஸ்கீ தெரிஞ்சவனுக்கும், பனி மேல ஓடுற மோட்டார் வண்டி, ஸ்னோமெஷின், வச்சிருக்கவனுக்கும். (ஸ்னோமொபைல்னு இங்க சொன்னீங்கன்னா வெளியூர்க்காரன்னு உடனே கண்டுபிடிச்சிருவாங்க, அலாஸ்கால அது ஸ்னோமெஷின்தான்.)

ஏன் மார்ச்னு கேட்டீங்கன்னா வெளிச்சம். டிசம்பர்ல நாலு மணி நேரம் கூட சூரியன் இருக்காது, மார்ச்ல ஒவ்வொரு நாளும் ஆறேழு நிமிஷம் பகல் கூடிட்டே வரும், பனி கெட்டியா இருக்கும், பாதையெல்லாம் ஸ்னோமெஷின் போய்ப் போய் சிமெண்ட் ரோடு மாதிரி ஆகிக் கெடக்கும். குளிர் இருக்கத்தான் செய்யும். நாங்க கெளம்புன அன்னைக்கு காலைல வீட்டு வாசல்ல மைனஸ் 27, செல்சியஸ்ல சொல்றேன். ஆனா மலை மேல ஏறுனா மைனஸ் 18! ஃபேர்பேங்க்ஸ் ஒரு குழி மாதிரி, குளிர் காத்து கனமா இருக்குறதால கீழ வந்து தேங்கிரும், மேல போகப் போக வெதுவெதுப்பு. ஊட்டிக்கு மேல ஏறுனா குளிரும்னு பழகுன ஆளுக்கு இது புத்தில ஏறவே ஒரு வருஷம் ஆச்சு எனக்கு.

சாமான் ஒரு பிளாஸ்டிக் ஸ்லெட்ல கட்டி இடுப்புல பெல்ட் மாட்டி இழுத்துட்டுப் போனோம், மாடு ஏர் இழுக்குற மாதிரி. ஆபீஸ்ல ஒரு அக்கா அவங்க வீட்டுலேர்ந்து ஸ்லெட்டு, சிக்னல் இல்லாத எடத்துலேர்ந்து மெசேஜ் அனுப்புற சாட்டிலைட் மெசேஞ்சர், மச்சினனுக்கு ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் பூட்ஸ் எல்லாம் குடுத்து விட்டாங்க. அமெரிக்க ராணுவத்துக்காக செஞ்ச பூட்ஸ் அது, ரெண்டு அடுக்கு ரப்பருக்கு நடுவுல காத்து, பேரு பன்னி பூட்ஸ். முயல்னு அர்த்தம். மச்சினன் கேட்டுட்டு, "ஏன் அத்தான், எனக்கு மட்டும் பன்னி பூட்ஸா?"ன்னு ஆரம்பிச்சவன் திரும்பி வர்ற வரைக்கும் விடல. ஆனா மூணு பேர்ல கால் குளிராம வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

நான் பண்ண மொத தப்பு வேர்த்தது. சிரிக்காதீங்க. குளிருமேன்னு நாலு அடுக்கு போட்டுட்டு ஸ்லெட்ட இழுத்தா, அரை மணி நேரத்துல உள்ள பனியன் நனைஞ்சு போச்சு, நின்னவுடனே அந்த ஈரம் முதுகுல ஐஸ் கட்டிய வச்ச மாதிரி ஆயிருச்சு. கெளம்பும்போது லேசா நடுங்கணும், அதான் சரியான டிரஸ்னு அந்த அக்கா தலைதலையா அடிச்சிட்டு சொன்னாங்க, நான் கேக்கல. பாதில காட்டுக்குள்ள சட்டையைக் கழட்டி வேற பனியன் மாத்துன அந்த ஒரு நிமிஷத்த இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்.

பாதை ஏறி எறங்கி ஏறி எறங்கிப் போகும். கொஞ்ச தூரம் போனா ரெண்டு பக்கமும் எரிஞ்ச மரம், கரிக்கட்டை மாதிரி குச்சி குச்சியா நிக்கிது. 2004-ல அலாஸ்கால மட்டும் 66 லட்சம் ஏக்கர் காடு எரிஞ்சுது, அதுல பவுண்டரி ஃபயர்ங்கறது இந்த ஏரியாவத்தான் சுட்டுத் தள்ளுச்சு. பாக்க சுடுகாடு மாதிரி இருக்கேன்னு அப்போ எனக்குத் தோணுச்சு, சாயங்காலம் அதே மரத்துக்குக் கோயில் கட்டலாம்னு தோணுச்சு, அதுக்குத்தான் வர்றேன்.

பதினொரு மணிக்குக் கெளம்பி நாலரைக்குப் போய் சேந்தோம். கேபின் ஒரு மேட்டுல இருக்கு, பெரிய கண்ணாடி ஜன்னல், எதுத்தாப்ல அந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலைங்க வரிசையா. ஆஹான்னு நின்னது ரெண்டு நிமிஷம். உள்ள போனா வெளிய விட குளிர், தெர்மாமீட்டர்ல மைனஸ் 20. அடுப்புப் பக்கத்துல விறகு வைக்கிற இடத்துல ரெண்டே ரெண்டு கட்டை, அதுவும் பச்சை விறகு.

இங்க எழுதாத ஒரு சட்டம் இருக்கு. நீ கெளம்பும்போது அடுத்து வர்றவன் அடுப்பு பத்த வைக்கிற அளவுக்குக் காஞ்ச விறகும் சிராயும் வெட்டி உள்ள வச்சிட்டுப் போணும். வர்றவன் எந்த நெலமைல வருவான்னு தெரியாது, ராத்திரி மைனஸ் 40-ல கை வெரைச்சுப் போய் வரலாம். எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க யாரோ அதச் செய்யல. வாய்க்கு வந்தபடி திட்டுனேன், தமிழ்ல.

சரின்னு பையில கொண்டு போன பிர்ச் பட்டைய எடுத்தேன். பிர்ச் மரத்தோட வெள்ளைப் பட்டை, எண்ணெய்ப் பசை இருக்கும், ஈரமா இருந்தாக்கூட குபீர்னு பிடிக்கும், கற்பூரம் கெட்டது போங்க. கேஸ் லைட்டர் வேலை செய்யல, அந்தக் குளிர்ல உள்ள இருக்குற கேஸ் ஆவியாகாது, நல்லவேளை தீப்பெட்டி இருந்துச்சு. பட்டைய வச்சுக் கொளுத்தி கட்டைய அடுக்குனேன். அஞ்சு நிமிஷத்துல ரூம் முழுக்கப் புகை, மூணு பேரும் இருமிட்டு கதவத் தொறந்து வெளிய ஓடுறோம்.

"ஏங்க, புகைக்குழாய்ல அந்தத் தகட்டத் திருப்பி விட்டீங்களா?"

எந்தத் தகடு?

அவ ஊரு சங்கரன்கோவில் பக்கம், காலேஜ் போற வரைக்கும் வீட்டுல விறகடுப்புதான். நான் கேஸ் அடுப்புல வளந்தவன். அதுக்கப்பறம் பொறுப்ப அவகிட்ட ஒப்படைச்சிட்டேன். குழாய்ல இருக்குற அந்தத் தகட்ட, டாம்பர்னு பேராம், திருப்பித் தொறந்தா, ஆனா உடனே கட்டை அடுக்கல. ரெண்டு தாள சுருட்டிக் கொளுத்தி குழாய் வாய்க்கு நேரா பிடிச்சா. குழாய்க்குள்ள குளிர் காத்து அடைச்சிட்டு நிக்குமாம், அத சூடாக்கி மேல தள்ளி விட்டாத்தான் புகை ஏறுமாம். இது சங்கரன்கோவில்ல சொல்லிக் குடுத்தது இல்ல, வர்றதுக்கு முன்னாடி அவ படிச்சிட்டு வந்துருக்கா, நான் அந்த நேரத்துல கேமராவுக்கு பேட்டரி வாங்கிட்டு இருந்தேன். "தள்ளுங்க"ன்னு சொல்லி ஊதாங்குழல் இல்லாமயே ஊதி ஊதி பத்த வச்சிட்டா.

ஆனா ரெண்டு பச்சைக் கட்டைய வச்சு எவ்ளோ நேரம் ஓட்டுறது? நானும் மச்சினனும் கோடாரியும் வில்லு மாதிரி வளைஞ்ச ரம்பமும் எடுத்துட்டு எறங்குனோம். பச்சை மரத்த வெட்டக்கூடாது, பட்டுப்போன மரம்தான் வெட்டலாம்னு ரூல். கேபினச் சுத்தி கிட்டத்துல இருந்ததெல்லாம் வருஷக்கணக்கா வந்தவங்க வெட்டித் தீத்துட்டாங்க, அதனால தொடை வரைக்கும் பனில முங்கி முங்கி தூரமாப் போணும். அப்போதான் கண்ணுல பட்டுச்சு அந்த எரிஞ்ச ஸ்ப்ரூஸ் மரம். நின்ன நெலைலயே வருஷக்கணக்கா காஞ்சு எலும்பு மாதிரி இருக்கு, ரம்பம் வச்சா கிர்ருனு எறங்குது, தட்டுனா டங்குனு சத்தம் கேக்குது. சின்ன மரம்தான், என் மணிக்கட்டு தடிமன், ஆனா வெட்டுன எடத்துல வளையத்த எண்ண முடியல, அவ்ளோ நெருக்கம். கீழ மண்ணு வருஷம் முழுக்க உறைஞ்சு கெடக்குற ஊர்ல மரம் எப்படி வளரும், மெதுவாத்தான். ஒன்றரை மணி நேரம் வெட்டி இழுத்துட்டு வந்து பாத்தா ரெண்டு பேர் மூஞ்சியும் கரி, பாய்லர் ரூம்ல வேலை பாத்தவன் மாதிரி.

அந்த விறகு பிடிச்சதுக்கப்பறம் ஒரு மணி நேரத்துல ரூம் சூடாயிருச்சு, சூடுன்னா சாதாரண சூடு இல்ல. மேல மச்சு ஒண்ணு இருக்கு, படுக்கறதுக்கு, மச்சினன் ஓடிப்போய் எடம் பிடிச்சான். சூடு பூரா மேல போய் அங்க மே மாசத் திருநெல்வேலி, கீழ தரைல வச்ச தண்ணி பாட்டில்ல ஐஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு பனியனோட எறங்கி வந்து "கதவக் கொஞ்சம் தொறங்க அத்தான்"ங்கறான். நாங்க கீழ ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்க யாராவது எந்திரிச்சு கட்டை போட்டுட்டே இருக்கணும், கைக்குழந்தைக்குப் பால் குடுக்குற மாதிரி.

தண்ணிக்கு பனிய உருக்கணும். சும்மா மேலாப்ல இருக்குற பஞ்சுப் பனிய அள்ளிப் போட்டா ஒரு பெரிய பாத்திரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணிதான் தேறும். கீழ தோண்டுனா கல்லுப்பு மாதிரி மணி மணியா இருக்கும், அத அள்ளுங்க, தண்ணி நெறையக் கெடைக்கும். பாத்திரத்துல கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுத்தான் பனி போடணும், இல்லன்னா அடிப்பிடிச்ச வாடை அடிக்கும், பனி எப்படி தீயும்னு கேக்காதீங்க, எங்க மொத காபி அப்படித்தான் இருந்துச்சு. சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிட்டுப் போயிருந்தோம். செங்கல்லு! டப்பாவோட அடுப்பு மேல வச்சு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அடுத்த தடவ புளிக்காய்ச்சல் மட்டும் எடுத்துட்டுப் போய் அங்கயே சோறு வடிக்கறதுன்னு முடிவு.

கக்கூஸ் பத்தி எல்லாரும் கேப்பீங்க, கேக்க வெக்கப்படுவீங்க, நானே சொல்லிடறேன். உக்கார்ற எடத்துல கெட்டியான தெர்மோகோல் மாதிரி நீல ஃபோம் வெட்டிப் போடுறது இந்த ஊர் வழக்கம், மைனஸ் 25-லயும் சத்தியமா குளிராது, உக்காந்த உடனே வெதுவெதுன்னு இருக்கும், எங்க வீட்டு டாய்லெட் சீட்டு இதவிட குளிரும். கீழ விழறது உறைஞ்சு உறைஞ்சு கோபுரமா நிக்கும், மேல வரைக்கும் வந்தா ஒரு கம்பால தட்டி விடணும். அந்த வேலை எங்களுக்கு வரல, கடவுள் இருக்கான்.

அரோரா, அதான் ராத்திரி வானத்துல ஆடுற அந்த வெளிச்சம், பாத்தீங்களான்னு கேப்பீங்க. பாத்தோம், ரெண்டாவது ராத்திரி பதினொரு மணிக்கு மேல பச்சையா நல்லாவே ஆடுச்சு, விறகு எடுக்க வெளிய போனப்போ. பத்து நிமிஷம் பாத்துட்டு அடுப்பு அணைஞ்சிரும்னு உள்ள வந்துட்டோம்.

மூணாவது நாள் காலைல கெளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்காரி கெளம்ப விடல. முந்தின நாள் வெட்டுனதுல பாதிய அடுப்புப் பக்கத்துல அடுக்க வச்சா, அதுல நாலு கட்டையப் பிளந்து விரல் தடிமனுக்கு சிராய் ஆக்கச் சொன்னா, மேல ஒரு கைப்பிடி பிர்ச் பட்டை, பக்கத்துல ஒரு தீப்பெட்டி. ஆறிப்போன சாம்பல அள்ளி வெளிய கொட்டி, தரையக் கூட்டி, அங்க இருந்த நோட்டுல எழுதுனோம், வடகிழக்கால முன்னூறு அடி போனா நல்ல காஞ்ச மரம் இருக்குன்னு. மச்சினன் அதுக்குக் கீழ தமிழ்ல "பன்னி பூட்ஸ் வாழ்க"ன்னு எழுதிட்டான்.

திரும்பி வரும்போது பாதி வழில எதுத்தாப்ல ஒரு நாய் வண்டி, ஏழு நாய், பின்னாடி வயசான ஒரு அம்மா நின்னு ஓட்டிட்டு வர்றாங்க. நாங்க ஸ்லெட்டோட ஓரமா பனிக்குள்ள எறங்கி வழி விட்டோம். லீஸ் கேபினுக்குத்தான் போறாங்களாம். குட் மார்னிங் கூட சொல்லல, வண்டிய நிறுத்தி மொத கேள்வியே "விறகு இருக்கா?"

"இருக்கு, சிராயும் இருக்கு"ன்னு இவ பெருமையா சொல்ல, அந்தம்மா தலைய மட்டும் ஆட்டிட்டு நாய்ங்கள ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் பார்க்கிங் வர்ற வரைக்கும் இவ நடையே வேற. கார் ரெண்டு நாளா குளிர்ல கெடந்ததுல மூணு தடவ முனகிட்டு நாலாவது தடவதான் ஸ்டார்ட் ஆச்சு.