கூடத்தில் நாற்பது நாற்காலி

ஜனவரி 9

என் வீட்டுக் கூடத்தில் அடுத்துப் போடும் ஓபரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம், பெர்கோலேசியின் 'லா செர்வா பத்ரோனா' என்று முடிவாகிவிட்டது. வேலைக்காரி செர்பினா எஜமானியாகிற கதை. பாடுபவர்கள் இரண்டே பேர், வாய் திறக்காத பாத்திரம் ஒன்று. கோரஸ் கிடையாது. தந்தி வாத்தியங்களும், பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்ட் ஒன்றும் போதும். எங்களிடம் இருப்பது ஹார்ப்சிகார்ட் போல ஒலிக்கத் தெரிந்த எலெக்ட்ரானிக் கீபோர்ட். 1733-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஒரு பெரிய ஓபராவின் இடைவேளைகளை நிரப்ப எழுதியது இந்தக் குட்டி ஓபரா. அந்தப் பெரிய ஓபராவை இன்று யாரும் தேடுவதில்லை. உரிமைத்தொகை கட்ட வேண்டாம் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

சென்ற முறை ஆறு பேர் பாடும் மொஸார்ட் ஓபரா ஒன்றை இதே கூடத்துக்குள் திணித்துப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஜனவரி 20

எதிர்வீட்டு அக்கா வந்தார். எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான். எங்கள் பேஸ் பாடகர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால் அலமாரிக் கண்ணாடியே அதிர்கிறது. எட்டுக்கு மேல் இனி 'மார்க்கிங்'தான்: முழுக்குரல் கொடுக்காமல், மேல் ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி இறக்கி முணுமுணுப்பது. தொண்டைக்கும் நல்லது.

பிப்ரவரி 2

"ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்க" என்பவர்கள் நிறையப் பேர். ஆரம்பத்தில் இதைக் கேட்டு நெகிழ்ந்து போவேன், ஒன்றும் நடக்காது. இப்போது அங்கேயே நோட்டைத் திறந்துவிடுகிறேன். "புதன்கிழமை ஆறிலிருந்து எட்டு வரை, செர்பினாவின் பாவாடைக்கு ஓரம் தைக்கணும், வர்றீங்களா?" முடியும், முடியாது, இரண்டில் ஒன்று உடனே தெரிந்துவிடும். நாற்பது நாற்காலி ஆறு வீடுகளிலிருந்து வருகின்றன. எல்லாவற்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டியாகிவிட்டது.

வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கும் வயோலாக்காரர் வரமுடியாதாம். அந்தக் கால நேப்பிள்ஸ் இசையில் வயோலா பல இடங்களில் பேஸ் எனும் அடி ஸ்தாயி வரியின் பின்னாலேயே நடக்கும், சமாளித்துவிடலாம். வயோலாக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

பேசாத வேலைக்காரன் வெஸ்போனேயாக நடிக்கவிருந்த பையனுக்குப் பரீட்சை. நாற்காலி தூக்க வந்த பெரியவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வசனமே இல்லையா தம்பி?"

"இல்லைங்க ஐயா. ஆனால் நீங்கள் இல்லாமல் கதை முடியாது."

உண்மைதான். கிழட்டு எஜமான் உபெர்ட்டோவைப் பணியவைக்க, முரட்டுக் கேப்டன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக செர்பினா புளுகுகிறாள். அந்தக் கேப்டன் வேடத்தில் வந்து முறைக்க வேண்டியது வெஸ்போனேதான். பெரியவருக்கு முறைக்கவே வரவில்லை, நின்றால் சிரித்துவிடுகிறார். கடைசியில் ஒட்டுமீசையைச் சற்றுப் பெரிதாகவே வைத்தோம்.

பிப்ரவரி 19

பேஸ் பாடகர் ஐம்பது நிமிடம் தாமதம். முதல் பாட்டே 'காத்திருந்தும் வரவில்லை, படுத்தும் தூக்கமில்லை' என்று உபெர்ட்டோ புலம்புவதுதான். செர்பினாவாக வரும் பெண் அதை அவருக்கே பாடிக்காட்டினாள். தன் வரியை விட அவளுக்கு அது நன்றாக வந்தது.

காத்திருந்த நேரத்தில், ஓபரா பிறந்ததே வீட்டில்தான் என்று மற்றவர்களுக்குக் கதை சொன்னேன். 1598-இல் ஃப்ளாரன்ஸில் கோர்சி என்ற பிரபுவின் மாளிகையில்தான் முதல் ஓபரா என்று சொல்லப்படும் 'தாஃப்னே'வைப் பாடினார்கள். டிக்கெட் வாங்கி யாரும் உள்ளே போகக்கூடிய ஓபரா அரங்கு 1637-இல்தான் வெனிஸில் திறந்தது. மாளிகையையும் என் கூடத்தையும் ஒன்றாகச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

பிப்ரவரி 27

மேலெழுத்து வேலை. இத்தாலியில் பாடுவதைத் தமிழில் சுவரில் காட்ட வேண்டும். ஓபரா அரங்குகளில் இந்தப் பழக்கம் 1983-இல் டொரொண்டோவில் தொடங்கியது. அதற்கு முன்னால் ரசிகர்கள் கதையைப் படித்துவிட்டு வந்து இருட்டில் உட்கார்ந்தார்கள். எங்களுக்குத் திரை ஒரு போர்வை. பொத்தான் அழுத்துவது மேல்மாடிக் கல்லூரி மாணவி. அவளுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது மேற்கத்திய இசைக்குறியீடு, தெரியாது. வார்த்தைகளை மட்டும் பின்தொடரச் சொல்லி, சுவரில் காட்டும் அட்டை (ஸ்லைட்) மாறும் இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஆரியாக்களில், அதாவது தனிப்பாட்டுகளில், ஒரே வரி நாலு முறை திரும்ப வரும், அங்கே தூங்கலாம். பேச்சுபோல ஓடும் ரெசிட்டடிவ்தான் ஆளைக் கொல்லும்.

மார்ச் 6

முதல் காட்சி. நாற்காலி நிறைந்து, படிக்கட்டிலும் ஏழெட்டுப் பேர். எதிர்வீட்டு அக்காவும் வந்திருந்தார், கடிகாரம் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். 7.48-க்கு முடித்தோம்.

இரண்டாம் பகுதியில் ஒரு தவறு, முழுக்க என் தவறு. கேப்டன் கேட்பது நாலாயிரம் ஸ்கூடி (அந்தக் கால இத்தாலிய நாணயம்) வரதட்சிணை, இல்லையென்றால் எஜமானே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே அட்டையில் எழுதியிருந்தேன். செர்பினா தொகையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் கூடம் மொத்தமும் மீதியைப் படித்துவிட்டுச் சிரித்தது. அவள் வாரக்கணக்கில் உருப்போட்ட அந்த இடைவெளி, அந்தக் கடைக்கண் பார்வை, எதையும் யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் போர்வையில். உள்ளே வந்ததும் அவள் என்னிடம் பேசவில்லை.

மீசை பாதியில் ஒருபக்கம் தொங்கியது. பெரியவர் அதைக் கையால் பிடித்தபடியே முறைத்தார். அவர் முறைத்தது அப்போதுதான்.

மார்ச் 7

நாளை இரண்டாம் காட்சி. அட்டையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். முதல் அட்டையில் நாலாயிரம் மட்டும், பிறகு வெறும் கறுப்பு. செர்பினா திரும்பி உபெர்ட்டோவைப் பார்க்கும் வரை பொத்தானைத் தொடாதே என்று மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். "அக்கா பார்க்க மறந்துட்டா?" என்று கேட்கிறாள். செர்பினாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.